கோர்வை விடாத உடுப்பு

ஆரணிக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊரை ஒட்டி ஓடுவது கமண்டல நாகநதி. அதிலும் வருஷத்தில் பல மாதம் மணல்தான் ஓடும்! கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போகவேண்டும். ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது பட்டும் அரிசியும். அந்த ஊர்த் தறிவீட்டுப் பையன் ஒருவன், நார்வே நாட்டுக் கடலில் மூழ்குவதற்கு என்ன உடுப்பு வாங்குவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் அவனுக்கு வழி காட்டியவர் நீச்சலே தெரியாத அவனுடைய அப்பா. அந்தக் கதைதான் இது. நடுவில் டிரைசூட் என்றால் என்ன, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்ற விவரங்களும் வரும்.

பையன் கடல் உயிரியல் படிக்க பெர்கன் நகரத்துக்குப் போனவன். அங்கே கடல் ஊருக்குள்ளேயே நீண்டு நீண்டு நுழைந்திருக்கும். ஃப்யோர்டு என்கிறார்கள். கோடையில் மேல்தண்ணீர் 15 டிகிரி வாக்கில் இருக்கும். குளிர்காலத்தில் 4 முதல் 7 டிகிரி. ஆழத்தில் வருஷம் முழுக்க 7, 8 டிகிரிதான். அவன் முதன்முதலில் மூழ்கக் கற்றுக்கொண்டது புதுச்சேரியில். அங்கே தண்ணீர் 28 டிகிரி. மெல்லிய ரப்பர் சட்டை ஒன்று போதும். பெர்கனில் அந்தச் சட்டையோடு இறங்கினால் சில நிமிஷத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது.

தண்ணீர் ஏன் இப்படிச் சூட்டைப் பிடுங்குகிறது? காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் 20 டிகிரி காற்றில் சட்டை போட்டுக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருப்பவர், 20 டிகிரி தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கிறார். 5 டிகிரியில் திடீரென்று விழுந்தால் முதல் ஒன்றிரண்டு நிமிஷத்தில் மூச்சு தாறுமாறாக வாங்கும். அதற்குப் பிறகு கை மரத்துப்போகும். கொக்கியைக் கழற்றவோ வால்வைத் திருகவோ முடியாது. உடம்பு முழுக்கச் சில்லிட்டு மயக்கம் வருவதெல்லாம் அதற்கும் பிறகு. குளிர்த்தண்ணீரில் ஆளை மாட்டவைப்பது பெரும்பாலும் முந்தைய இரண்டும்தான்.

வெட்சூட், டிரைசூட் - என்ன வித்தியாசம்?

வெட்சூட் என்பது நனைகிற உடுப்பு. 1952 வாக்கில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் யோசித்தது. நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள் அடைபட்டிருக்கும். உடம்புக்கும் உடுப்புக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் பரவாயில்லை, குமிழ்கள் சூட்டைத் தடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். குமிழ்கள் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். உடுப்பு மெலிந்துபோகும். எங்கே குளிர் அதிகமோ அங்கே போர்வை மெல்லிசாகிறது!

டிரைசூட் நனையாத உடுப்பு. கழுத்து, மணிக்கட்டு, ஜிப் எல்லாம் இறுக மூடியிருக்கும். உள்ளே தண்ணீர் வராது, காற்றுதான் இருக்கும். அந்தக் காற்றையும் அதைப் பிடித்துவைக்கும் உள்ளுடுப்பையும் நம்பித்தான் ஆள் இறங்குகிறார். மார்பில் ஒரு வால்வு, காற்றை உள்ளே விட. இடது தோளுக்குக் கீழே இன்னொரு வால்வு, காற்றை வெளியே விட. ஆழம் போகப்போக உள்ளிருக்கும் காற்று சுருங்கி உடுப்பு உடம்பைக் கவ்வும். அப்போது கொஞ்சம் காற்று ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும். அப்போது வெளியேற்ற வேண்டும்.

"தண்ணிக்குள்ள போயி நனையாம வர்ற உடுப்பா? அது இன்னாடா கதை?" என்றார் அப்பா போனில்.

அவருக்கு ஈரம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஊறும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். பாவு ஈரம் குடித்தால் இழை சரியாக ஓடாது. அந்த மாதங்களில் வீட்டில் வருமானமும் குறையும். அதனால் "ஈரம் உள்ளே வரக்கூடாது" என்று மகன் சொன்னதும் அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய அடுத்த கேள்வி விலை.

புது டிரைசூட் 1,000 யூரோவில் ஆரம்பித்து 3,000 யூரோவையும் தாண்டும். நம்ம பணத்தில் ஒரு லட்சத்துக்குக் குறையாது. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஒரு பட்டுப்புடவை தறியை விட்டு இறங்க எத்தனை நாள், அதில் கைக்கு வரும் கூலி எவ்வளவு என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் அவன். அதனால் பழைய உடுப்பு ஒன்று தேடலாம் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

துணியில் நான்கு வகை

முதல் வகை நியோப்ரீன். வெட்சூட்டில் இருக்கும் அதே நுரை. உடுப்பே கொஞ்சம் சூடு தரும், உடம்போடு இழுபட்டு வளையும். ஆனால் ஆழத்தில் மெலியும், கனமாக இருக்கும், காய நாளாகும்.

இரண்டாவது, முன்கூட்டியே நசுக்கி அடர்த்தியாக்கிய நியோப்ரீன். முரட்டு உழைப்பு உழைக்கும். ஆழத்தில் மேற்கொண்டு பெரிதாகச் சுருங்காது. விலையும் எடையும் கூடுதல்.

மூன்றாவது ட்ரைலேமினேட். இரண்டு செயற்கைத் துணிகளுக்கு நடுவில் ஒரு ப்யூட்டைல் ரப்பர் படலம். இந்த யோசனை 200 வருஷப் பழசு. 1823ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து மழைக்கோட்டுத் துணி செய்து காப்புரிமை வாங்கினார். 1830களில் லண்டனில் அகஸ்டஸ் சீபி செம்புத் தலைக்கவசத்தோடு சேர்த்துச் செய்த மூடிய மூழ்கு உடையும் ரப்பர் பூசிய துணிதான். ட்ரைலேமினேட் லேசாக இருக்கும், சீக்கிரம் காயும், ஓட்டை விழுந்தால் சுலபமாக ஒட்டுப் போடலாம். ஆனால் இழுபடாது. துணிக்கென்று தனியாகச் சூடும் கிடையாது. சூடெல்லாம் உள்ளுடுப்பில்தான்.

நான்காவது, கெட்டி ரப்பர் பூசியது. துறைமுகச் சகதியிலும் கழிவுநீரிலும் வேலை செய்கிறவர்களுக்கு. வழுவழுப்பாக இருப்பதால் கழுவிவிட்டால் அழுக்கு நிற்காது. படிக்கிற பையனுக்கு இது தேவையில்லை.

பையன் இந்த நான்கையும் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு, எந்தத் துணி சிறந்தது என்றே இரண்டு வாரம் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அப்பா கேட்டார்:

"துணி கெடக்கட்டும்டா. தண்ணி எந்த வழியா உள்ள வரும்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தறிக்காரரின் வாழ்நாள் அனுபவம் இருக்கிறது. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் தனித்தனிப் பாவு. ஒவ்வொரு ஊடை ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றை ஒன்று கவ்விப் பிணைய வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். இழுவிசை ஒரு பக்கம் தளர்ந்தால் அந்த இடத்தில் சுருங்கும், இல்லையென்றால் பிரியும். புடவை கிழிந்தாலும் கரை பிரியக்கூடாது என்பது பட்டு நெசவில் பழைய பேச்சு. கடையில் புடவை பார்ப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், ஜரிகையைப் பார்ப்பார்கள். நெய்தவர் பார்ப்பது இரண்டும் சேரும் இடத்தை. தப்பு நடந்தால் அங்கேதான் நடக்கும்.

டிரைசூட்டும் அச்சு அசல் அப்படித்தான்! நடுத்துணி வழியாகத் தண்ணீர் வருவது அபூர்வம். வருகிற வழிகள் நான்கு: ஜிப், கழுத்து சீல், மணிக்கட்டு சீல், தையல். வால்வைச் சேர்த்தால் ஐந்து. எல்லாமே இரண்டு வேறு வேறு பொருள்கள் சேரும் இடங்கள்.

சேரும் இடங்களை எப்படிப் பார்ப்பது?

ஜிப்: டிரைசூட்டில் விலை அதிகமான பாகம் இதுதான் என்று சொல்லலாம். மாற்றச் சில நூறு யூரோ ஆகும். பித்தளைப் பல் ஜிப் உண்டு, பிளாஸ்டிக் ஜிப் உண்டு. பித்தளையை மெழுகு தடவி வைக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு முனையில் மட்டும் உரிய பசை. இரண்டுக்குமே எதிரி மடிப்பு. உடுப்பைக் கண்டபடி மடித்து வைத்தால், மடிந்த இடத்தில் பல் விலகும், நாடாவின் ஓரம் பிரியும். முதுகில் தோளோடு தோளாக ஓடும் ஜிப்பை மூட இன்னொரு ஆள் வேண்டும். மார்பின் குறுக்கே சாய்ந்து ஓடும் ஜிப்பை ஆளே மூடிக்கொள்ளலாம்.

கழுத்து: லேடெக்ஸ், சிலிக்கான், நியோப்ரீன் என்று மூன்று வகை சீல். லேடெக்ஸ் நன்றாகக் கவ்வும், ஆனால் வெயிலிலும் நாள்பட்டும் இற்றுப்போகும். இழுத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரியும், சில சமயம் பிசுபிசுக்கும். அப்படியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். சிலிக்கான் சீலை வளையத்திலிருந்து கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். நியோப்ரீன் உழைக்கும், கழுத்துக்குக் கதகதப்பும் தரும். எதுவானாலும் அளவு முக்கியம். தளர்ந்தால் தண்ணீர் வரும். ரொம்ப இறுகினால் கழுத்து ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும், மயக்கம்கூட வரலாம். தாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிற விஷயமில்லை இது.

மணிக்கட்டு: கையை முஷ்டி பிடித்தால் மணிக்கட்டின் உள்பக்கம் நரம்புகள் புடைத்து, நடுவில் பள்ளம் விழும். ஒல்லியான கைகளில் அந்தப் பள்ளம் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நுழையும். சீல் கொஞ்சம் மேலே, கை உருண்டையாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போதே முஷ்டி பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

தையல்: ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே? அதனால் தையலுக்கு மேல் உள்பக்கம் நாடா ஒட்டியிருப்பார்கள். உடுப்பை உள்வெளியாகத் திருப்பி அந்த நாடா எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்குள், கால் கவட்டை, முழங்கால் ஆகிய மூன்று இடங்களிலும் கண்டிப்பாக. சந்தேகம் இருந்தால் மணிக்கட்டிலும் கழுத்திலும் பாட்டிலோ பந்தோ வைத்து அடைத்து, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவலாம். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். சைக்கிள் பஞ்சர் கடைக்காரர் செய்கிற அதே வேலை!

பையனுக்கு இரண்டு பழைய உடுப்புகள் கிடைத்தன. ஒன்று பார்க்கப் புத்தம்புதுசு, கருநீலம், கீறல்கூட இல்லை, விலையும் மலிவு. இன்னொன்று வெளுத்துப்போனது, முழங்காலில் இரண்டு ஒட்டு. முதல் உடுப்பை விற்பவர் வீட்டிலிருந்து வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினான். "ஜிப்ப மெதுவா வளைச்சுக் காட்டு கண்ணு... இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றார். தறியில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் கண்டுபிடிக்கிற கண் அது. நடுவில் ஓரிடத்தில் நாடாவின் ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. பல வருஷம் பெட்டியில் மடிந்தே கிடந்திருக்கிறது. "இது கட்டாத பொடவடா. பெட்டியிலயே இத்துப்போச்சு" என்றார். பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்போரம் விட்டுப்போகும் என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். அதே கதை.

இரண்டாவது உடுப்பில் ஜிப் மாற்றி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தையல் நாடா எங்கும் உரியவில்லை. ஒட்டுகள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. லேடெக்ஸ் கழுத்து மட்டும் இற்றிருந்தது. அது மாற்றக்கூடியது. வெளுத்த உடுப்பையே வாங்கினான்.

போட்டுப் பார்க்கும்போது

டிரைசூட்டை வெறும் டீ-ஷர்ட்டோடு போட்டு அளவு பார்ப்பதில் அர்த்தமில்லை. குளிர்காலத்துக்குப் போடப்போகிற உள்ளுடுப்போடு போட்டு, குந்தி உட்கார வேண்டும், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், கட்டிப்பிடிப்பதுபோல் கைகளைக் குறுக்கே போட வேண்டும். பின்னால் கையை விட்டால் சிலிண்டர் வால்வு எட்ட வேண்டும். எங்கும் பிடிக்கக்கூடாது. அதற்காகத் தொளதொளவென்றும் இருக்கக்கூடாது. காலில் இடம் அதிகமாக இருந்தால் காற்று அங்கே போய்ச் சேரும். கால் மேலே, தலை கீழே! தோளுக்குக் கீழே இருக்கும் வால்வு வழியாக அந்தக் காற்றை வெளியேற்ற முடியாது. ஆள் கட்டுப்பாடில்லாமல் மேலே போய்விடுவார். வேகமாக மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம், ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டலாம். தொளதொள உடுப்பு அழகுக் குறைச்சல் மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

உள்ளுடுப்பில் பருத்தி கூடாது. வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காற்றைப் பிடித்துவைக்காது. உடம்பை ஒட்டிக் கம்பளியோ பாலியெஸ்டரோ, அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது தின்சுலேட் போன்ற நுண்ணிழைப் பஞ்சு. சதுர மீட்டருக்கு 200 கிராம், 400 கிராம் என்று கனத்தைக் குறிப்பிட்டு விற்பார்கள். அப்பா பெருமையாகக் கேட்டார், "பட்டு பனியன் போட்டா?" போடலாம்தான். மெல்லிய பட்டு உள்ளாடைகளைப் பனி நாடுகளில் விற்கிறார்கள். உடம்பை ஒட்டி மிருதுவாக இருக்கும். ஆனால் நனைந்தால் பட்டு இழையின் பலம் குறையும். கம்பளி ஈரத்திலும் புசுபுசுவென்று காற்றைப் பிடித்துவைத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஆடு ஜெயித்துவிட்டது, பட்டுப்புழு தோற்றுவிட்டது என்றதும் அப்பா சிரித்தார்.

நம்ம கடலில்?

"தூத்துக்குடியில முத்துக் குளிக்கிறவங்க இதெல்லாமா போட்டாங்க?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவில் இடுப்புத் துணியோடு, கல்லின் கனத்தில் இறங்கி, கயிற்றைப் பிடித்து மேலே வந்தவர்கள் அவர்கள். இந்தியப் பக்கத்தில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். தண்ணீர் அங்கே 26 முதல் 30 டிகிரி வரை. டிரைசூட் போட்டால் வெந்துபோவார்கள். இந்தியாவில் டிரைசூட்டுக்கு வேலை இருப்பது 4,000 மீட்டருக்கு மேலே, குளிர்காலத்தில் உறைந்துபோகும் பாங்காங் போன்ற லடாக் ஏரிகளில்தான்.

ஆனால் 28 டிகிரி தண்ணீரும் உடம்பின் 37 டிகிரியைவிடக் குறைவுதான். மணிக்கணக்கில் இருந்தால் அதுவும் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். பாம்பன், ராமேசுவரம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் பல மணி நேரம் தண்ணீரில் மூழ்கி எழுகிறார்கள். புடவைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை அறுக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று, காலில் நீந்துவதற்குத் தாங்களே கட்டிக்கொண்ட தகடு. அவர்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்ற உடுப்பு என்று எந்தக் கடையிலும் தைத்து வைக்கவில்லை. கிடைத்ததை வைத்துத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். பையன் இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "யாராவது அளவெடுத்துத் தச்சுக் குடுத்திருக்கலாம்" என்றார். மூழ்கு உடுப்பு செய்யும் கம்பெனிகளுக்கு இது ஒரு சின்ன வேலை. இன்னும் யாரும் அதைப் பெரிய வேலையாக நினைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

கடைசியாக ஒரு விஷயம்

புது உடுப்பு வாங்காததால் மிச்சமான பணத்தில் பையன் மூன்று வேலை செய்தான். கழுத்து சீல் மாற்றினான். 400 கிராம் உள்ளுடுப்பு வாங்கினான். டிரைசூட்டுக்கென்றே இருக்கும் தனிப் பயிற்சியில் சேர்ந்தான். மூன்றில் மூன்றாவதுதான் முக்கியம். காற்று காலுக்குப் போனால் எப்படிக் குட்டிக்கரணம் போட்டு நிமிர்வது, மார்பு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் குழாயை எப்படிக் கழற்றுவது என்பதையெல்லாம் ஆழமில்லாத இடத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்து பழக வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டது தண்ணீருக்குள் ஞாபகம் வராது.

குளிர்நாட்டுக்குப் படிக்கப்போய், அங்கே மூழ்க ஆசைப்படும் நம்ம பிள்ளைகள் யாராவது இருந்தால், கடையில் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் ஜிப், பிறகு கழுத்து, மணிக்கட்டு, தையல், வால்வு. அப்புறம் உள்ளுடுப்போடு அளவு. அதற்கும் அப்புறம் துணி. நிறம் கடைசியில். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஜிப்பைத் திறந்து, மடிக்காமல் தளரச் சுருட்டி வையுங்கள். ஆறு மாதம் இறங்கவில்லையென்றால் இறங்கும் முன் திரும்பவும் சோப்புத் தண்ணீர். போன வருஷம் நனையாமல் வந்த உடுப்பு இந்த வருஷமும் அப்படியே வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.